ஏழு தூண் போதும்: மாத்தூர் தொட்டிப்பாலம் ஒரு கைக்கு வந்த விதம் – நிகழ்வு ஆய்வு

நாகர்கோவிலில் ஒரு மாடி அறை. முன்பாதியில் சாய்வு நாற்காலி, டாட்டூ மெஷின், கைகழுவும் தொட்டி. பிளைவுட் தடுப்புக்குப் பின்னால் கேன்வாஸ்கள், பெயிண்ட் டப்பாக்கள். இரண்டுக்கும் ஒரே ஆள். ஃபிளெக்ஸ் பேனர் வந்து கடைப்பலகை எழுதும் வேலையை விழுங்குவதற்கு முன்பு சுவரிலும் தகரத்திலும் பிரஷ் பிடித்தவர். பிறகு டாட்டூவுக்கு வந்தார், படம் வரைவதை விடவில்லை. அந்தப் பின்பாதியைப் பொழுதுபோக்கு என்று நினைத்துக்கொண்டுதான் வாடிக்கையாளர்கள் எட்டிப் பார்க்கிறார்கள். அது அப்படியல்ல. தோலில் செய்யக்கூடாத தப்புகளை எல்லாம் செய்து தீர்க்கும் இடம் அதுதான். ஒரு வேலையை முதலிலிருந்து கடைசிவரை பிரித்துப் பார்த்தால் இது தெளிவாகும். பிரஷ் பழக்கம் ஊசிக்கு எங்கே கைகொடுத்தது, எங்கே குழிபறித்தது என்பதும் தெரியும்.

வந்தவர் குலசேகரம் பக்கத்து இளைஞர், வயது 27, ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுத் தொழில். இடது முன்கையின் வெளிப்பக்கத்தில் மாத்தூர் தொட்டிப்பாலம் வேண்டும் என்றார். அவருடைய தாத்தா அந்தப் பாலம் கட்டும்போது சித்தாள் வேலை பார்த்தவராம். பரளியாற்றுக்கு மேலே பட்டணங்கால் என்ற கால்வாயின் தண்ணீரைக் கொண்டுபோவதற்காக 1966-இல் கட்டப்பட்ட பாலம் அது. 28 தூண்கள், உயரமான தூண் 115 அடி. மாவட்டத்தில் அதைப் படம் எடுக்காத குடும்பம் குறைவு.

வேலை தொடங்குமுன் கேட்கும் கேள்விகளில் முதலாவது, பட்டாளத்துக்கு ஆள் எடுப்பில் நிற்கும் எண்ணம் உண்டா என்பது. ராணுவத்தில் நிரந்தர டாட்டூவுக்கு அனுமதி முழங்கை மடிப்பிலிருந்து மணிக்கட்டு வரையுள்ள உட்பக்கத்துக்கும் புறங்கைக்கும்தான். முன்கை வெளிப்பக்கம், புஜம், கழுத்து எல்லாம் ஆளைத் திருப்பி அனுப்பிவிடும். ஆள் எடுப்பு விளம்பரத்தைப் பார்த்துவிட்டுப் பிறகு டாட்டூவை அழிக்க லேசருக்கு அலையும் பையன்கள் இந்த ஊரில் உண்டு. இரண்டாவது, ரத்ததானம். குத்தியபின் ஓராண்டு கொடுக்க முடியாது. மூன்றாவது, சர்க்கரை, தழும்பு தடித்து வளரும் உடல்வாகு, ரத்தத்தை இளக்கும் மாத்திரை. நான்காவது கேள்வி, தொழில் என்ன, அடுத்த மூன்று வாரம் என்ன செய்வீர்கள் என்பது. அதையும் கேட்டார். பதிலை எழுதியும் வைத்தார். ஆனால் போதிய கனம் கொடுக்கவில்லை. அதன் விளைவு பின்னால் வரும்.

படம் முதலில்

சாலையிலிருந்து பார்த்தால் தொட்டிப்பாலம் ஒரு சீப்பு. பல் பல்லாகத் தூண்கள், மேலே ஒரு கோடு. அதை அப்படியே கையில் ஏற்றினால் பார்கோடு போலத்தான் இருக்கும். அதனால் ஓவியர் படியிறங்கி ஆற்றுப்படுகைக்குப் போய், ஒரு தூணடியிலிருந்து மேல்நோக்கிப் பார்த்து வரைந்தார். முன்தூண் பருத்து நிற்கிறது, அடுத்தடுத்தவை சிறுத்துக்கொண்டே மரங்களுக்குள் போகின்றன. கையின் வடிவமும் அதேதான்: முழங்கைப் பக்கம் அகலம், மணிக்கட்டில் குறுகல். பார்வைக் கோணத்தைப் பிடித்ததிலேயே பாதி வேலை முடிந்தது.

அறைக்கு வந்து தீப்பெட்டி அளவில் ஆறு சின்னப் படங்கள். கறுப்பு, நடுச்சாம்பல், தாளின் வெறுமை என மூன்றே நிலைகள். மூன்றில் வாசிக்க முடியாத படம் தோலில் பத்து நிலை வைத்தாலும் வாசிக்க முடியாது. அவற்றில் தேறிய ஒன்றை 18-க்கு 24 அங்குல கேன்வாஸில் அக்ரிலிக்கில் போட்டார். 11 தூண்கள், தூணுக்கு நடுவே பனிமூட்டம், தொட்டிக்குப் பின்னால் பளீரென்று வெள்ளை வானம். நல்ல படம். ஆனால் கைக்கு உதவாது.

காரணம் வெள்ளை. டாட்டூ மை தங்குவது மேல்தோலுக்குக் கீழே உள்ள அடுக்கில். நம் நிறத்தைத் தரும் மெலனின் இருப்பது அதற்கு மேலே. ஆக, எந்த மை போட்டாலும் அதன்மேல் ஒரு பழுப்புக் கண்ணாடி எப்போதும் கிடக்கிறது. ஆறாத புதுக்காயத்தில் வெள்ளை வெள்ளையாகத்தான் தெரியும், போட்டோவும் அழகாக வரும். ஆறு வாரம் கழிந்து மேல்தோல் முழுதாக மூடியபின் பார்த்தால் சுவரில் விட்டுப்போன சுண்ணாம்புக் கறை. இன்ஸ்டாகிராமில் சுற்றும் படங்களில் பெரும்பாலானவை அன்றைக்கே எடுத்தவை என்பதை வாடிக்கையாளருக்குச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

இதைக் கண்ணால் காட்ட அவரிடம் ஒரு வழி இருக்கிறது. தடித்த (300 ஜிஎஸ்எம்) வாட்டர்கலர் தாளை பர்ன்ட் சியன்னா, ரா அம்பர் என்ற இரண்டு பழுப்புகளும் ஒரு துளி அல்ட்ராமரீன் நீலமும் கலந்து, ஜன்னல் வெளிச்சத்தில் அந்த ஆளின் கைநிறத்துக்கு ஒத்துவரும்வரை பூசுகிறார். டியூப்லைட்டில் செய்தால் நிறம் ஏமாற்றும். காய்ந்தபின் அதன்மேல் கறுப்பும் சாம்பலும் மட்டும், வெள்ளை தொடக்கூடாது. வெளிச்சம் வேண்டிய இடத்தில் தாளைச் சும்மா விடவேண்டும். இன்னொரு துண்டில் வெள்ளைத் தாள்மேலேயே லெமன் மஞ்சள், இளநீலம், ரோஸ், அடர்பச்சை, காவிச்சிவப்பு, கறுப்பு என்று கட்டம் கட்டமாகப் பூசி, காய்ந்ததும் அதே பழுப்பை நீர்க்கக் கரைத்து எல்லாவற்றின் மேலும் ஒரு கோட்டிங். மஞ்சள் சாணிநிறமானது. இளநீலம் சாம்பலானது. ரோஸ் இருந்த இடமே தெரியவில்லை. தாங்கி நின்றவை அடர்பச்சையும் காவியும் கறுப்பும். அந்தத் துண்டைக் கையில் கொடுத்ததும் வாக்குவாதம் முடிந்தது: பாலம் கறுப்பு-சாம்பல், அடியில் மரக்கூட்டத்துக்கு மட்டும் அடர்பச்சை.

இங்கே ஒரு கிளைக்கதை. தொட்டிப்பாலத்துக்குப் பக்கத்தில்தான் திருவட்டாறு. ஆதிகேசவப் பெருமாள் கோயில் சுவரிலும் பத்மநாபபுரம் அரண்மனை மேல்மாடியிலும் உள்ள பழைய சுவரோவிய மரபு மஞ்சள், காவி, பச்சை, கறுப்பு, வெள்ளை என்ற ஐந்துக்குள் அடங்குகிறது. அதில் கறுப்பு விளக்குக்கரி. மஞ்சள் முதலில், பிறகு சிவப்பு, பச்சை, கடைசியில் கறுப்புக் கோடு. கடைசிக் கறுப்புதான் உருவத்துக்கு உயிர். வெள்ளை பூசுவதில்லை, சுவரையே விட்டுவிடுவார்கள். நம் பாட்டிமார் கையில் குத்திக்கொண்ட பச்சையிலும் கறுப்புக்கு ஆதாரம் கரிதான். இன்றைய பாட்டில் கறுப்பு மையும் கரிதான், சுத்தம் செய்த கரி. பொருள் ஒன்று, வரிசைதான் தலைகீழ்: டாட்டூவில் கறுப்பு முதலில். வெளிர்நிறம் குத்திய புண்ணின்மேல் கறுப்பு மையைத் துடைத்தால், திறந்திருக்கும் துளைகளில் கறுப்பு இறங்கி நிறத்தை அழுக்காக்கிவிடும். சுவரிலிருந்து வந்த கைக்கு இந்த மாற்றம் எளிதில் படியாது.

தூண் நேராக நிற்க வேண்டும்

ஸ்டென்சில்தான், அதாவது குத்துமுன் படத்தைத் தோலில் ஒட்டி எடுக்கும் ஊதா அச்சுதான், இந்த வேலையின் கழுத்து. பூவோ புலியோ என்றால் கொஞ்சம் கோணினாலும் யாருக்கும் தெரியாது. பாலத் தூண் சாய்ந்தால் பாலமே விழுகிற மாதிரி இருக்கும்.

முன்கையில் இரண்டு எலும்புகள். உள்ளங்கையைக் கவிழ்க்கும்போது ஒன்று மற்றதன்மேல் குறுக்காகப் போகிறது. மணிக்கட்டுப் பக்கத்துத் தோல் அதோடு சுழல்கிறது, முழங்கைப் பக்கத்துத் தோல் அவ்வளவாக நகர்வதில்லை. ஆக, மேஜையில் கையைக் கவிழ்த்து வைத்து ஒட்டிய நேர்கோடு, ஆள் எழுந்து கையைத் தொங்கவிட்டதும் கயிறு முறுக்கியது போல ஆகிவிடும். முதல் ஸ்டென்சிலில் நடந்தது இதுதான். சட்டக அளவு 17-க்கு 8 சென்டிமீட்டர். மேஜையில் பார்த்தபோது அச்சு, எழுந்து நின்றதும் கடைசி மூன்று தூண்கள் கட்டைவிரலை நோக்கிச் சாய்ந்தன. ஸ்பிரிட் வைத்துத் துடைத்தாயிற்று.

இரண்டாம் முறை ஆளை நிற்கவைத்து, தோளைத் தளர்த்தி, கட்டைவிரல் முன்னே பார்க்கும்படி கையைத் தொங்கவிடச் சொல்லி, ஸ்கின் மார்க்கரால் மூன்று புள்ளிகள்: முழங்கை எலும்புக்கு நான்கு விரல் கீழே, நடுவில், மணிக்கட்டு முட்டிக்கு இரண்டு விரல் மேலே. மூன்றையும் தூக்குக்குண்டு பார்க்கிற மாதிரி சேர்த்துக்கொண்டு, நின்றபடியே ஸ்டென்சில். அதன்பின் கையைக் கவிழ்த்து, நிமிர்த்து, மடக்கிப் பார்க்கவேண்டும். எல்லா நிலையிலும் நேராக நிற்கும் கோடு மனிதக் கையில் கிடையாது. எந்த நிலையில் நேராக இருக்கவேண்டும் என்று முடிவுசெய்துவிட்டு, மற்ற நிலைகளில் கோணுவதை வாடிக்கையாளருக்கு முன்கூட்டியே காட்டிவிட வேண்டும். தொங்கும் கைதான் ஊர் பார்க்கும் கை என்று இருவரும் ஒத்துக்கொண்டார்கள்.

அடுத்தது எண்ணிக்கை. கேன்வாஸில் 11. இந்த அளவில் கடைசித் தூண்களுக்கு நடுவே 1 மி.மீ. இடைவெளிகூட மிஞ்சாது. மை காலப்போக்கில் தோலுக்குள் கொஞ்சம் பரவும், கோடு பருக்கும். இன்று ஒரு மில்லிமீட்டர் வெறுமை, சில வருடங்களில் ஒரே கறுப்புப் பட்டை. 1.5 மி.மீ.-க்குக் கீழே இடைவெளி விடுவதில்லை என்பது இந்த அறையின் கணக்கு. அதன்படி ஏழு தூண்தான் தேறியது: முன்தூண் அகலம் 9 மி.மீ., கடைசித் தூண் 2.5.

“அண்ணே, ஒண்ணாவது கூட நிக்கட்டு. இருபத்தெட்டுல ஏழுன்னா தாத்தா ஏசுவாரு.”

“மக்கா, இப்ப எட்டு நிக்கும். உன் பிள்ளை எண்ணும்போது அஞ்சுதான் இருக்கும். ஏழு வச்சா ஏழும் நிக்கும், பாத்துக்கோ.”

ஸ்டென்சில் காய 15 நிமிடம் போதும் என்பார்கள். ஆனி ஆடிச் சாரலில் இந்த மாவட்டத்தில் அது போதாது, 25 நிமிடம் மின்விசிறிக்குக் கீழே விட்டார். ஈரத்தோடு தொடங்கினால் முதல் துடைப்பிலேயே ஊதாக்கறை.

ஊசி

தயாரிப்பு வழக்கமானதுதான், சுருக்கமாக: புது ரேசர், சோப்புக் கழுவல், 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், மெஷினுக்கும் வயருக்கும் பிளாஸ்டிக் உறை, ஒருமுறை மட்டும் பயன்படும் கார்ட்ரிட்ஜ் ஊசி, முடிந்ததும் அது துளைக்க முடியாத வெள்ளை டப்பாவுக்கு. கையுறை நைட்ரைல்தான். லேட்டக்ஸ் சிலருக்கு ஒவ்வாமை, வாசலினில் அது இளகவும் செய்யும். குத்துகிறவர் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று டோஸும் போட்டிருக்கவேண்டும், இது பேரத்துக்குரிய விஷயமல்ல.

சாம்பலுக்கு மூன்று கப். பாதியளவு டிஸ்டில்டு வாட்டரில் 2, 6, 12 சொட்டுக் கறுப்பு. கேன் தண்ணீரோ கிணற்றுத் தண்ணீரோ குடிக்க எவ்வளவு நன்றாக இருந்தாலும் இதற்கு ஆகாது. அதில் இருக்கும் நுண்ணுயிர் வயிற்றில் ஒன்றும் செய்யாமல் போகலாம், தோலுக்குள் நேரே போனால் வாரக்கணக்கில் முடிச்சு முடிச்சாகக் கிளம்பும்.

பேனா வடிவ ரோட்டரி மெஷின், ஊசி ஏறியிறங்கும் தூரம் (ஸ்ட்ரோக்) 3.5 மி.மீ. கோட்டுக்கு 7.5 வோல்ட், 5 ஆர்.எல். (ஐந்து ஊசி வட்டமாகச் சேர்ந்த கோட்டு ஊசி), கடைசி இரண்டு தூணுக்கு 3 ஆர்.எல். நிழலுக்கு 6.5 வோல்ட், 9 கர்வ்டு மேக்னம் (ஒன்பது ஊசி பட்டையாக அடுக்கிய நிழல் ஊசி). வலக்கைக்காரர் என்பதால் கீழ் வலது மூலையிலிருந்து மேலே போனார். அப்படிப் போனால்தான் துடைக்கும் கை இன்னும் குத்தாத ஸ்டென்சிலைத் தொடாது. ஆழம் 1.5 முதல் 2 மி.மீ. இது சராசரிக் கணக்கு. இடத்துக்கு இடம் மாறும் என்பதுதான் விஷயமே.

தப்பு நடந்தது ஆறாம் தூணில். மணிக்கட்டுக்குப் பக்கத்தில் தோல் மெலிது. சதைப்பிடிப்பான இடத்தில் தொடங்கிய இடப்பக்கக் கோட்டை அதே அழுத்தத்தில் மெல்லிய தோல்வரை ஒரே இழுப்பில் இழுத்துவிட்டார். கடைப்பலகை எழுதியவர்களுக்கு இது ரத்தத்தில் ஊறியது: எழுத்தின் நீள்கோட்டை நடுவில் நிறுத்தாமல் இழுப்பதுதான் கைத்திறன், நிறுத்தினால் முடிச்சு விழும். தகரப்பலகையின் கனம் எங்கும் ஒன்று. கையில் அப்படியல்ல. கடைசி ஒன்றரை சென்டிமீட்டரில் ஊசி ஆழமாகப் போய், மை கொழுப்புக்குள் கசிந்து, கோட்டுக்கு வெளியே நீலச்சாயலில் ஒரு படலம் விரிந்தது. புளோஅவுட். அன்றைக்கு வீக்கத்தில் அது பெரிதாகத் தெரியவில்லை, நான்காம் நாள்தான் முகம் காட்டியது. நீள்கோட்டை இரண்டாகப் பிரித்து, மெல்லிய தோலில் கையைத் தூக்கி, அந்த இடத்தில் இழுத்துப் பிடிக்கும் விரலையும் மாற்றியிருக்கவேண்டும்.

மொத்தம் நாலரை மணி நேரம். கட்டணம் சதுர அங்குலக் கணக்கு, ஊர் வழக்கம். எங்கள் பார்வையில் இந்த வழக்கம் கெட்டது. சும்மா விட்ட இடத்துக்கு எதற்குக் காசு என்று வாடிக்கையாளர் கேட்க, குத்துகிறவர் வேண்டாத மேகத்தையும் பறவையையும் கொண்டுவந்து நிரப்புகிறார்.

ரப்பர் பால்

ஆறவைக்கும் கட்டத்தில்தான் இந்த வேலை பாதி கெட்டது.

மேலே ஒட்டும் ஃபிலிமை நாலைந்து நாள் வைக்கச் சொல்லி பாக்கெட்டில் இருக்கும். நம் வியர்வையில் அதன் ஓரம் விட்டு, உள்ளே நிணநீரும் மையும் சேர்ந்து குளம் கட்டும். அதனால் 24 மணி நேரத்தில் எடுத்துவிட்டு, வாசனையில்லாத சோப்பால் நாளுக்கு இரண்டு முறை கழுவி, ஒற்றி உலர்த்தி, மிக மெல்லிதாக லோஷன். மஞ்சள், தேங்காயெண்ணெய், வேப்பிலை அரைத்துப் பூசுவது எதுவும் வேண்டாம். மூன்று வாரம் குளம், ஆறு, கடல் கிடையாது. பாட்டி பேச்சைத் தட்டமுடியாமல் மஞ்சள் பூசியவர்களுக்கு பொருக்கு தடித்து, வெடித்து, மையோடு போனதை இந்த அறை பார்த்திருக்கிறது.

இளைஞர் எல்லாம் ஒழுங்காகச் செய்தார். ஐந்தாம் நாள் மழை விட்டது. பால்வெட்டில் மழை விட்ட நாள் என்பது கூலி. விடியற்காலை தோட்டத்துக்குப் போய்விட்டார். வாளி பிடிக்கும் கை இடது. சிரட்டையிலிருந்து ஊற்றும்போது பால் முன்கையில் தெறித்தது. ரப்பர் பால் காற்றுப்பட்டதும் தோலில் ஜவ்வாகக் காயும். வேலை முடிந்ததும் அதை விரலால் உருட்டி உரித்து எறிவது இந்தத் தொழிலில் கைப்பழக்கம், யாரும் யோசித்துச் செய்வதில்லை. அன்றும் உரித்தார். ஜவ்வோடு பொருக்கும் வந்தது, பொருக்கோடு மையும் வந்தது. நான்கு இடங்கள்: இரண்டாம் தூணில் ஒன்று, தொட்டிக்கோட்டில் இரண்டு, பச்சையில் ஒன்று. பெரியது 4 மி.மீ. பொருக்கு தானாக விழுந்தால் கீழே மை இருக்கும், காலத்துக்கு முன் பிடுங்கினால் மை அதோடு போகும்.

அவரைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. “தூசி படாம பாத்துக்கோ” என்பது அறிவுரையே அல்ல. பால்வெட்டுக்காரருக்குச் சொல்லவேண்டியது: முழுக்கை பருத்திச் சட்டை, மணிக்கட்டில் பட்டன், பால் பட்டால் உரிக்காதே, சோப்புநீரில் ஊறவைத்துத் தானாக வர விடு. அதைவிட நல்லது, வேலையையே மாசி பங்குனிக்குத் தள்ளுவது. பிப்ரவரி, மார்ச்சில் ரப்பர் இலை உதிர்க்கும்போது வெட்டு நிற்கும், கையும் சும்மா இருக்கும்.

இதிலிருந்து அறையில் ஒரு காலண்டர் தொங்குகிறது. விசைப்படகில் போகிறவர்களுக்குத் தடைக்காலம்: குளச்சல், தேங்காப்பட்டணம் உள்ள மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, சின்னமுட்டம் உள்ள கிழக்குக் கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. ஒரே மாவட்டத்துக்கு இரண்டு தடைக்காலம். கிழக்குக் கரை ஆட்களுக்கு வெயில் கொடுமை, மேற்குக் கரை ஆட்களுக்குச் சாரல். இருந்தாலும் உப்புத்தண்ணீரும் வலைக்கயிறும் படாத மூன்று வாரம் அப்போதுதான் கிடைக்கும். வளைகுடாவிலிருந்து கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வருகிறவர்கள் திரும்பும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணவேண்டும், விமானத்துக்கு முந்தினநாள் குத்துவதில்லை.

எட்டாம் வாரம்

திருத்தத்துக்கு ஆறு வாரமாவது பொறுக்கவேண்டும். தோலின்மேல் வெங்காயச்சருகு போல மினுக்கம் தெரிந்தால் இன்னும் ஆறவில்லை என்று பொருள். எட்டாம் வாரம் இளைஞர் வந்தார். நான்கு வெறும் புள்ளிகளும் 3 ஆர்.எல்.லில் 20 நிமிட வேலை.

ஆறாம் தூணின் நீலப்படலம் அப்படி மறையாது. தோல்நிற மையை மேலே வைத்து மூடலாம் என்று சிலர் சொல்வார்கள். ஆறியபின் அது படலத்தைவிட அசிங்கமாக, திட்டாகத் தெரியும். ஓவியர் மீண்டும் பழுப்புத் தாளுக்குப் போனார். படலத்தைத் தாளிலும் அப்படியே நீலச்சாம்பலில் கசியவிட்டு, அதைச் சுற்றி மூன்று வழி வரைந்தார்: மரக்கிளை, நிழல், மூட்டம். கிளை தூணின் நேர்மையைக் கெடுத்தது. நிழல் ஒரு தூணுக்கு மட்டும் விழுந்தால் பொய்யாக இருந்தது. மூட்டம் பொருந்தியது. ஐந்து, ஆறு, ஏழு மூன்று தூண்களின் அடியிலும் 2 சொட்டுச் சாம்பலை மேக்னத்தால் விசிறி, கசிவின் விளிம்பு எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரியாமல் செய்தார். ஒன்றை மறைக்க மூன்றில் போடவேண்டியிருந்தது.

கேன்வாஸ் திரும்ப வந்தது

அதன்பின் 11 தூண் படத்தைப் பார்த்தால் நெரிசல். புதிதாக ஒன்று தொடங்கினார், அதே அளவு, ஏழு தூண், வெள்ளை வானத்துக்குப் பதில் கேன்வாஸுக்கு முதலிலேயே பூசிய பழுப்பு. தோல் சொன்ன பாடம் படத்துக்கு நல்லது செய்தது.

ஊசி படத்துக்குச் செய்யும் கெடுதலும் உண்டு. வாரம் ஐந்து நாள் நாலங்குலத்துக்குள் விரலை மட்டும் அசைத்துவிட்டு கேன்வாஸ் முன்னால் நின்றால், கை மணிக்கட்டிலிருந்தே வரைகிறது. எல்லா உருவத்துக்கும் கறுப்பு விளிம்பு, உள்ளே நிரப்பல். படம் ஸ்டென்சிலாகிவிடுகிறது. அதற்கு அவர் கண்ட வைத்தியம், ஒன்றரை அங்குலப் பட்டைப் பிரஷை இரண்டடி மூங்கில் குச்சியில் கட்டி, நுனியைப் பிடித்துக்கொண்டு முதல் ஒரு மணி நேரம் வரைவது. விரலால் ஒன்றும் செய்யமுடியாது, தோள் அசைந்தாகவேண்டும். விளிம்பு போடக் கை துடித்தாலும் கோடு வளைந்து நெளிந்து ஓடும். தூண்கள் அப்படி நின்றபோதுதான் மூட்டம் மூட்டமாக இருந்தது.

ஈரக்காற்றில் கேன்வாஸின் முதுகில் பூஞ்சை பிடிப்பது தனிப் பிரச்சினை. சுவரோடு ஒட்டி மாட்டாமல் பின்னால் இரண்டு அங்குலக் கட்டை வைத்தபின் குறைந்திருக்கிறது.

ஆறாம் மாதம் இளைஞரின் கையை அளந்தபோது கடைசி இரண்டு தூணுக்கு நடுவே 1.4 மி.மீ. இருந்தது, ஏழும் தனித்தனியாக எண்ண முடிந்தது. ஜன்னலோரம் கையைச் சாய்த்தால் ஆறாம் தூணின் நீலம் இன்னும் தெரிகிறது. வலது கைக்கு அந்தப் பாலத்தின் மேல்நடைபாதை வேண்டும் என்று கேட்டிருக்கிறார். பிப்ரவரி இரண்டாம் வாரத்துக்குப் பெயர் எழுதியிருக்கிறது, பக்கத்திலேயே பென்சிலில் “முழுக்கைச் சட்டை” என்று.